எங்கள் ஊரைக் கடலாக்கியவர்

என் வீட்டுக்காரரிடம் கொடியில் துணி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னலோரம் போய் நிற்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வானத்தை ஒரு தினுசாகப் பார்ப்பார். "மழைக்கு வாய்ப்பு இருக்கு. வராமலும் போகலாம்" என்பார். இதைச் சொல்வதற்கு மனுஷன் பாதி ஆயுள் படித்திருக்கிறார். எங்கள் பேரன் பேத்திகள் கிழடுதட்டும் காலத்தில் இந்த நாட்டின் எந்த மூலையில் எவ்வளவு வெயில் அடிக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. என் ஈரத்துணி அந்தக் கணக்கில் வராது.

ஆபீசில் அவருக்கு 'வாய்ப்பு சார்' என்று பட்டப்பெயர். பக்கத்து நாற்காலி காலியா என்று கேட்டால்கூட "இருக்க வாய்ப்பு உண்டு" என்று சொல்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

எங்கள் கல்யாணக் கதையைக் கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஒரே பஸ்ஸில் போய்வந்து பழக்கம். அவர் மடியில் எப்போதும் மேகப் படமாக இருக்கும். என் மடியில் திருத்தாத பரீட்சைத் தாளாக இருக்கும். மாதக்கணக்கில் பார்த்தேன். ஐயா வாயைத் திறக்கிற வழியாக இல்லை. ஒருநாள் நானே, "இங்க பாருங்க, என்னைக் கட்டிக்கிறீங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பஸ் ரெண்டு நிறுத்தம் தாண்டியது. யோசித்து யோசித்து, "வாய்ப்பு அதிகம்" என்றார். அந்த நிறுத்தத்திலேயே நான் இறங்கி ஓடியிருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய்ச் சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து நேராக ஒரு 'ஆமா'வைப் பிடுங்க நான் படாத பாடு இல்லை.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மலைச்சரிவு தொடங்குகிறது. இந்தப் பக்கம் கடல். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் தரையில்தான் எங்கள் வீடு, கடைகள், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் எல்லாம். சரிவின் மேலே அவருடைய பருவநிலை ஆராய்ச்சி மையம். அதற்குள்ளே அந்த மகாராணி, சூப்பர் கம்ப்யூட்டர். மையத்தில் அதற்கு வாய் வலிக்கிற மாதிரி ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்த பெயர் சக்களத்தி. அதற்கு ஒரு தும்மல் வந்தால் இவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "குறையறதுக்கு வாய்ப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேதான் போனார்.

ஒருதரம் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். ஆளுயரக் கறுப்பு பீரோக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். அந்த பீரோக்களுக்குச் சூடு ஆகாதாம். தரைக்கு அடியில் குழாய் பதித்து, குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, கூடவே ஏசியையும் போட்டு அறையைப் பனிக்கட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். கொளுத்துகிற கோடையில் என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார், மூக்கொழுகத் திரும்பிவருவார். உலகம் எப்படிச் சூடாகும் என்று கண்டுபிடிக்கிறவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். என் பள்ளிக்கூடத்தின் கூரை தகரம். ஒரு வகுப்புக்கு ஒரு ஃபேன், அதுவும் சூட்டைக் கிளறிக் கிளறி எங்கள் மேலேயே கொட்டும். அங்கே மிஷின் கொஞ்சம் சூடானால் நாலு இன்ஜினியர்கள் அலறியடித்து ஓடிவருகிறார்கள். இங்கே பிள்ளைகளுக்கு வேர்த்து ஊற்றினால், "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்பதோடு எங்கள் வைத்தியம் முடிந்தது.

நாத்தனார் வந்தால் பெருமை தாங்காது. "என் தம்பி கையில உலகமே இருக்கு, தெரியுமா?" என்பார். "உலகம் இருக்கட்டும்க்கா, வண்டிச் சாவியை எங்க வச்சாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்பேன் நான். அதோடு அவர் முகம் ஒரு வாரத்துக்கு உர்ரென்று இருக்கும்.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். டீச்சர் நான், எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதுபோல பூமியின் மேல் கட்டம் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கட்டமும் தரையா, கடலா, எவ்வளவு உயரம் என்று மிஷினுக்குச் சொல்ல வேண்டும். பிறகு வெயில், காற்று, ஈரம் எல்லாவற்றுக்கும் கணக்கைக் கொடுத்து ஓடவிடுவார்கள். ஒரு கட்டத்தில் அடிக்கிற காற்று பக்கத்துக் கட்டத்துக்குள் போகும், அங்கிருந்து அடுத்ததுக்கு. இப்படியே வருங்காலம் முழுவதையும் மிஷின் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். இதற்கு 'ஓட்டம்' என்று பெயர். பெரிய ஓட்டம் என்றால் மாதக்கணக்கில் ஓடும். நடுவில் எங்கேயாவது ஒரு கட்டத்தில் எண்கள் கன்னாபின்னாவென்று எகிறினால் எல்லாம் நின்றுபோகும். நின்றுபோனால் வீட்டில் யாரும் ரேடியோகூட வைக்கக் கூடாது. அவ்வளவு துக்கம்.

இத்தனைக்கும் மேலே மையத்தின் இயக்குநர் ஒருவர் இருக்கிறார். ரிப்பன் என்றுதான் அவரை எங்கள் வீட்டில் சொல்வோம். எதையாவது திறந்துவைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. புதுக் கட்டடத்தைத் திறப்பார், பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து மறுபடி திறப்பார், காபி மிஷினைக்கூடக் கைதட்டலோடு திறந்துவைத்தவர். ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது எந்தத் தேதியில் முடியும் என்பதுதான். அந்தத் தேதிக்கு முன்பே பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் என் வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டாள். ஒல்லியாய், கீச்சுக்குரலில் பேசிக்கொண்டே இருப்பாள். குருவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். குறும்பு செய்கிறாள் என்று நினைத்து, "என்னடி, மறந்துபோச்சா?" என்று அதட்டினேன். மடேரென்று சாய்ந்தாள். நெற்றியைத் தொட்டேன், கை சுட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஊசி போட்டு, தண்ணீர் ஏற்றி, ஈரத்துணி சுற்றிக் காப்பாற்றிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம் டீச்சர். அந்தக் கூரையை மாத்துங்க. அடுத்த வெயிலுக்குள்ள மாத்துங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்க்கிறேன்.

நகராட்சியில் தகரக்கூரைப் பள்ளிகளுக்கெல்லாம் கூரை மாற்றித்தரப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரேயடியாக முடியாதாம். எந்தப் பகுதியில் சூடு அதிகம் ஏறப் போகிறதோ அங்கே முதலில். ஏறாத இடத்துக்குக் கடைசியில். கடைசி என்றால் உங்களுக்கும் எனக்கும் அர்த்தம் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு ஏறும் என்று எப்படித் தெரியும்? இருக்கவே இருக்கிறது, மையத்தின் வெப்பப் படம். பெரிய ஓட்டத்திலிருந்து எடுத்த படம். ரிப்பன் அதையும் ஒரு திரைக்குப் பின்னால் வைத்துத் திறந்துவைத்தார்.

படம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் விரித்துப் பார்த்தோம். ஊரெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக எரிகிறது. எங்கள் பகுதி மட்டும் குளுகுளுவென்று நீலம். கூடவே நகராட்சிக் குழுவின் குறிப்பு: இயற்கையாகவே குளிர்ச்சியான பகுதி, இப்போதைக்குக் கூரை தேவையில்லை, முடிவு அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்படும். ஹெட்மிஸ்ட்ரஸ் தலைக்கு மேலே தகரம் வெயிலில் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "குளிர்ச்சியாம்ல? யாரு டீச்சர் இந்தப் படத்தைப் போட்ட புண்ணியவான்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்று சொல்லாமல், படத்தைச் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முற்றத்தில் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். படத்தைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என் ஸ்கூல் ஏங்க நீலமா இருக்கு?"

"அது... பல காரணம் இருக்கலாம்."

"ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

"கடல்காத்து ஒரு காரணமா இருக்க வாய்ப்பு இருக்கு. அதைப் பத்தி டைரக்டர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கார். என் பேரும் அதுல இருக்கு."

"கடல்காத்தா? கடல் பக்கத்துலதான் இருக்கு, காத்து எங்க இருக்கு? நேத்து நீங்க இதே முற்றத்துல நின்னு காத்தே இல்லைன்னு சட்டையைக் கழட்டிப் போட்டீங்களா இல்லையா?"

அவர் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ முழுங்குகிறார் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேனே. நானும் நகரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்தபடி, "அந்தக் கட்டம் கடல்" என்றார்.

"எந்தக் கட்டம்?"

"இந்தக் கட்டம்தான். நம்ம கட்டம்."

நான் கீழே பார்த்தேன். முற்றம், சோப்பு நுரை, என் செருப்பு. "தெளிவாச் சொல்லுங்க" என்றேன்.

விஷயம் இதுதான். ஆரம்பத்தில் மிஷின் வந்த புதிதில், முதல் பெரிய ஓட்டம் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்ததாம். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், எங்கள் கட்டத்தில், படுத்துவிடும். ஒரு பக்கம் செங்குத்து மலை, ஒட்டினாற்போல் கடல். காற்று அந்தச் சரிவில் ஏறும்போது எண்கள் எகிறி, எந்த உலகத்திலும் அடிக்காத புயல் ஒன்று அடித்து, எல்லாம் நின்றுபோகும். ரிப்பன் வழக்கம்போல் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார். "என்ன பண்ணுவீங்களோ தெரியாது, ஓடணும்" என்று கத்தியிருக்கிறார். இவர் மலையைக் கொஞ்சம் குட்டையாக்கிப் பார்த்தார். படுத்தது. இன்னும் குட்டையாக்கினார். படுத்தது. கடைசியில் அந்தக் கட்டத்தையே தட்டையாக்கி, தரை என்று இருந்ததைக் கடல் என்று மாற்றிவிட்டார். மிஷின் சமர்த்தாக ஓடியது. கைதட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள்.

"தற்காலிகமாத்தான் செஞ்சேன். விழா முடிஞ்சதும் மாத்திடலாம்னு" என்றார்.

"மாத்துனீங்களா?"

"அடுத்த ஓட்டத்துக்குப் பழைய ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டாங்க. அதுக்கடுத்ததுக்கு அதை எடுத்துப் போட்டாங்க. அது சரியா இருக்குன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானும்... மறந்துட்டேன். படத்துல கரையை வேற ஃபைல்ல இருந்து எடுத்துக் கோடு போடுவோம். அதனால பாக்குறவங்களுக்குத் தரையாத்தான் தெரியும். கடல் சீக்கிரம் சூடாகாது. அதான் நீலம்."

"அப்போ நம்ம வீடு?"

"கடல்தான்."

"உங்க மையம்? அந்த பீரோக்கள்?"

"அதுவும் அதே கட்டம்தான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்தையே கணக்குப் போடுகிற மிஷின், தன் கணக்கின்படி தானே கடலுக்குள் முங்கிக்கிடக்கிறது. நாங்கள் இத்தனை வருஷமாக மீன்களோடு மீனாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். இல்லாத கடல்காற்றுக்குக் காரணம் கண்டுபிடித்துப் படித்தவர்கள் கூடிக் கட்டுரை வேறு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது என்றும் சொல்லித் தொலைத்தார். எனக்கு வந்த கோபத்தில் சைக்கிள் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை அவர் காலடியில் கொட்டினேன். "இந்தாங்க, உங்க கடல்!" என்றேன். "நல்லா நீந்துங்க. என் குருவி வெந்து சாகட்டும்."

மறுநாள் அவர் ரிப்பனிடம் போனார். போனார் என்பதே பெரிய விஷயம். சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு உங்க மகராசன்?"

"பரிசு வாங்கின கட்டுரை இருக்கேன்னாரு. வெளிய தெரிஞ்சா மையத்துக்கு அசிங்கம்னாரு. ஒரே ஒரு கட்டம்தானே, அடுத்த தடவை பாத்துக்கலாம்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்துக்கலாம் சார்னேன்."

"பலே! அப்படியே காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"தப்பை ஒத்துக்கிட்டா மிஷின் பக்கமே விடமாட்டேன்னுட்டாரு" என்று மட்டும் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் சும்மா இருப்பேனா? ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், கூரைக் குழுவின் கூட்டத்தை நம் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி நகராட்சிக்குக் கடிதம் போடுங்கள், மத்தியானச் சாப்பாடும் நாமே தருவோம் என்றேன். சாப்பாடு என்றதும் குழுவில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. என் வகுப்பறையிலேயே நாற்காலி போட்டோம். ரெண்டு ஃபேன் இருக்கிற ஸ்டாஃப் ரூமை நான் வேண்டுமென்றே பூட்டி, சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூட்டத்தன்று உச்சிவெயில். குழுவின் தலைவி ஒரு பருத்த அம்மா, வந்து உட்கார்ந்ததுமே அட்டை ஃபைலால் விசிற ஆரம்பித்துவிட்டார். உறுப்பினர்கள் நாலைந்து பேர். ரிப்பன் கோட்டு சூட்டோடு வந்திருந்தார். கூடவே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர், படத்தை மாற்றி மாற்றிக் காட்டுகிற வேலைக்கு. என்னைப் பார்த்தார், தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குருவியைச் சுவரோரம், கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன்.

ரிப்பன் பேசினார். அடேயப்பா! கடல்காற்று இந்தப் பகுதிக்கு எப்படித் தாயாக இருந்து காக்கிறது என்று உருகி உருகிப் பேசினார். பேசப் பேசக் காலர் நனைந்து, கோட்டின் முதுகு நனைந்து, நெற்றியிலிருந்து மூக்குநுனி வழியாகச் சொட்டியது. கர்சீப்பைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். தலைக்கு மேலே தகரம் படபடவென்று வெடித்தது. அந்த மனுஷன் திரையில் இருக்கும் நீலத்தைத் தொட்டுக்காட்டி, "இங்கே குளிர்ச்சி நீடிக்கும்" என்றார். ஒரு உறுப்பினர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினார்.

தலைவி விசிறுவதை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் புரியல. இங்க உக்காந்தா உயிர் போகுது. நீங்க குளுகுளுன்னு இருக்குங்கிறீங்க. இந்தப் படத்தை யாரு போட்டது?"

"எங்க டீம்தான் மேடம்" என்றார் ரிப்பன்.

"டீமை விடுங்க. கையால செஞ்ச ஆளு யாரு?"

என் வீட்டுக்காரர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, வழக்கமான பஜனை தொடங்கப்போகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தக் கணக்குலயும் ஒரு அளவுக்கு... நிச்சயமின்மை..." என்று ஆரம்பித்தார். கைகளைப் பிசைந்தார். ரிப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கதவோரத்தில் குருவி வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கடல்ங்க மேடம்" என்றார். "மிஷினைப் பொறுத்தவரைக்கும் இந்த இடமே கடல். மிஷின் நிக்காம ஓடணும்னு நான்தான் கடலாக்கினேன். அப்புறம் மாத்தல. கடல்காத்து கட்டுரையெல்லாம் தப்பு."

வகுப்பறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரிப்பன் எழுந்து, ஒரே ஒரு கட்டம், சின்னக் குளறுபடி, தனிப்பட்ட ஊழியரின் அலட்சியம் என்று பூசி மெழுகினார். தனிப்பட்ட ஊழியராம்! கைதட்டல் வாங்கும்போது 'நம்ம குடும்பம்' என்றவர்தான் இவர்.

ஆனால் கேளுங்கள், அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பொத்தானைக் கழற்றிய உறுப்பினர் இருக்கிறாரே, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிகவும் பொறுப்பாகச் சொன்னார்: "தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, கட்டத்தைத் திருத்தி மறுபடி ஓட்டட்டும். சரியான ரிசல்ட் வந்தப்புறம் இந்த ஸ்கூலைப் பத்தி முடிவெடுப்போம். எதையும் அறிவியல்பூர்வமா செய்யணும், இல்லையா?" மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, இந்த அறை சூடா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்த ஜென்மங்களுக்கு மிஷின் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வாயில் வந்ததை அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

தலைவி என் வீட்டுக்காரரிடம், "மறுபடி ஓட்டினா எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"வரிசையில காத்திருக்கணும். அடுத்த கோடை தாண்டிடும் மேடம்."

"அப்ப ஓட்டாமலே சொல்லுங்க. இங்க சூடு ஏறுமா, ஏறாதா?"

போச்சு என்று நினைத்தேன். ஓட்டாமலே சொல் என்று அவரைக் கேட்பது சைவக்காரரிடம் மீன் நறுக்கச் சொல்வதுபோல. வாய்ப்பு என்ற அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அவர் உதட்டுக்கு வந்துவிட்டது, வாய் குவிந்ததை நான் பார்த்தேன். நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏறும்" என்றார்.

"நிச்சயமா?"

"ஆமா."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. என்னைக் கட்டிக்கொள்வதற்குக்கூட அந்த மனுஷன் 'ஆமா' சொல்லவில்லை. ஒரு தகரக்கூரைக்குச் சொல்கிறார். தலைவி பேனாவை எடுத்தார். "இந்த ஸ்கூலை முதல்ல போடுங்க. இதுக்கு மேல பேச்சு வேண்டாம். யாராவது எனக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

கூரை வந்தது. வெயில் தொடங்குவதற்குள் வந்துவிட்டது என்பதை நானே இன்னும் நம்பவில்லை. தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போட்டு, உள்கூரை அடித்து, சுவரின் மேல்பக்கம் காற்று போக ஜன்னல் வைத்தார்கள். அதைத் திறந்துவைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ரிப்பன்தான்! எங்கள் பள்ளி வாசலில் நின்று ரிப்பன் வெட்டி, மையத்தின் ஆராய்ச்சியால்தான் இந்தக் குழந்தைகளுக்கு இந்தக் கூரை கிடைத்தது என்று கண் கலங்கப் பேசினார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அவர் அங்கே நின்றிருக்கவே மாட்டார். குருவி வெட்டி விழுந்த ரிப்பன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

என் வீட்டுக்காரர் அந்த விழாவுக்கு வரவில்லை. சொன்னபடியே ரிப்பன் அவரை மிஷின் பக்கம் விடவில்லை. கூட்டம் நடந்த மறுநாளே அவருடைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டார்கள். இப்போது பார்வையாளர் கூடத்தில் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கறுப்பு பீரோக்களைக் கையால் காட்ட வேண்டும். ஸ்வெட்டர் தேவையில்லை. ஜலதோஷமும் விட்டுவிட்டது. எங்கள் கட்டம் இன்னும் கடலாகவே இருக்கிறதாம். யாரும் மாற்றவில்லை. மாற்றினால் மிஷின் படுத்துவிடும் என்கிறார்களாம்.

போன வாரம் என் வகுப்பை அங்கே கூட்டிப்போனேன். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். இவர் எந்த பீரோவில் மேகம், எதில் காற்று என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல, அவருக்கே தெரியாமல் உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டார். உள்ளே யாரோ ஒரு பொடிப்பயல், இவர் முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தேன். நக்கலாகத்தான் ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிக்க எனக்குத் தெரியும்? "என்ன, சக்களத்தியைக் கண்ணாடி வழியா பாத்தா ஏக்கமா இருக்கா?" என்றேன். வாய்ப்பு இருக்கு என்பார், இல்லாமலும் இருக்கலாம் என்பார், நானும் ரெண்டு வார்த்தை கிண்டலாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகலாம் என்று நின்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு நேரான பதிலுக்காக மல்லுக்கட்டியவள் நான். அது கிடைத்த அன்றைக்குப் பாத்திரம் கழுவாமலே கிடந்தது. அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.